திரும்பி வந்தவர் எத்தனை பேர்?

அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவு செய்யும் வேலையும் நாம் அதற்குப் போடும் தவறான மதிப்பெண்ணும்: மட்டாஞ்சேரியை முன்வைத்து ஓர் அலசல்

2023 நவம்பரில் எர்ணாகுளம் பொது மருத்துவமனையில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. மாவட்ட அளவிலான ஓர் அரசு மருத்துவமனை இதைச் செய்தது நாட்டிலேயே முதல் முறை என்பதால் செய்தித்தாள்கள் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். காயலுக்கு மேற்கே, பழைய கொச்சியில், மூன்று அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன: மட்டாஞ்சேரியில் பெண்கள், குழந்தைகள் மருத்துவமனை, கருவேலிப்படியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் தாலுகா மருத்துவமனைகள். இவற்றின் ஓ.பி.யில் சீட்டு எடுத்து, பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவரைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. ஆனால், சிறுநீரகம் செயலிழப்பதற்கான முதன்மைக் காரணங்கள் நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும்தான். ஒருவர் மாற்றுச் சிறுநீரகம் தேடும் நிலைக்குப் போகாமல் காக்கும் வேலை, அறுவை அரங்குக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே, ஏதோ ஒரு ஓ.பி. வரிசையில் நடந்திருக்க வேண்டும். ஒரு மருத்துவமனை தன் ஊருக்கு என்ன செய்கிறது என்பதை அதன் புறநோயாளிப் பிரிவே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அந்தப் பிரிவையும் தலை எண்ணி மதிப்பிட்டால் போதாது. போன மாதம் வந்தவர் இந்த மாதமும் வந்தாரா, அவருடைய பிரஷர் கட்டுக்குள் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நம்முடைய பணமும் நேரமும் பெருமையும் இந்தக் கேள்வியைச் சுற்றி அமையவில்லை என்பதுதான் சிக்கல்.

மருந்தகம் முந்தியது

கொச்சி சமஸ்தானத்துக்குள் ஆங்கில மருத்துவம் நுழைந்த வழியைப் பார்த்தாலே ஓ.பி.யின் முதன்மை புரியும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டாசன் என்ற மிஷனரிப் பாதிரியார், சமஸ்தான அரசின் உதவியோடு மட்டாஞ்சேரியில் ஒரு மருந்தகம் திறந்தார். அது நெடுநாள் நீடிக்கவில்லை. எர்ணாகுளத்தில் தர்ம ஆஸ்பத்திரி வந்தது அதற்குப் பிறகு, நூற்றாண்டின் நடுப்பகுதியில். லண்டனிலும் ஏழைகளுக்குப் பெரிய மருத்துவமனைகள் போதாமல் போனபோது 1770-இல் ஆல்டர்ஸ்கேட் தெருவில் பொது மருந்தகம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் மருத்துவர்களில் ஒருவரான ஜான் கோக்லி லெட்சம் நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். வந்து மருந்து வாங்கிப் போகிறவர்களுக்காகவே மருத்துவ அமைப்பை எழுப்பலாம் என்பது பழைய எண்ணம்தான்.

மயக்க மருந்தும் எக்ஸ்ரேயும் அறுவை அரங்கும் வந்த பிறகு மருத்துவமனையின் அளவுகோல் மாறியது. இன்று அரசு அறிவிப்பு எதை எடுத்தாலும் ‘30 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை’, ‘100 படுக்கைகளாகத் தரம் உயர்வு’ என்றுதான் இருக்கும். கட்டிடம், ஊழியர் எண்ணிக்கை, மருந்து ஒதுக்கீடு எல்லாம் படுக்கையை ஒட்டியே பேசப்படுகின்றன. படுக்கையை எண்ணுவது எளிது. திறப்பு விழாவுக்கும் வசதி. ஒருவருக்கு வராமலே போன பக்கவாதத்தை எண்ணவும் முடியாது, அதற்கு ரிப்பன் வெட்டவும் முடியாது. அந்தச் சௌகரியம்தான் நாளடைவில் கொள்கையாகிவிட்டது.

ஊரும் அதன் நோயும்

மட்டாஞ்சேரி கூலிக்கு உழைத்த ஊர். துறைமுக வேலைக்கு ஆள் பிடித்த ‘சாப்பா’ முறையில், ஆளெடுப்பவர் கூட்டத்துக்குள் வீசும் உலோக வில்லையைப் பாய்ந்து பிடித்தவருக்கு மட்டுமே அன்றைக்கு வேலை. அந்த முறைக்கு எதிரான போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது; தொழிலாளர்கள் உயிர்விட்டார்கள். சாப்பா ஒழிந்தது, ஆனால் நாள்கூலி ஒழியவில்லை. பஜார் ரோட்டுக் கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவர்கள், மீன் தொழிலில் இருப்பவர்கள், கடைச் சிப்பந்திகள், ஃபோர்ட் கொச்சி வெளிப் பகுதியின் தோபிக்கானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள், அண்மையில் வங்காளம், அசாம், ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்த தொழிலாளர்கள் என்று பலரும் ஒருநாள் வேலையை விட்டால் ஒருநாள் வருமானத்தை இழப்பவர்கள். இவர்களைப் பொறுத்தவரை ஓ.பி. இலவசம் என்பது பாதி உண்மை. காலை வரிசையில் போகும் பொழுதுக்கு அவர்கள் கொடுக்கும் விலை சீட்டுக் கட்டணத்தைவிடப் பல மடங்கு.

இனி நோயைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் பெரியவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றும், கேரளத்தில் அது 25.5 விழுக்காடு என்றும் அது சொல்கிறது; நான்கில் ஒருவர். அறுபது வயதைக் கடந்தவர்கள் 2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி கேரள மக்கள்தொகையில் 16.5 விழுக்காடு, எந்தப் பெரிய மாநிலத்திலும் இந்த அளவு இல்லை. சுகர், பிரஷர், மூச்சிரைப்பு, மூட்டுத் தேய்வு, மனச்சோர்வு ஆகியவற்றில் எதுவும் ஒரு வாரம் அட்மிட் ஆகித் தீர்த்துக்கொள்ளும் நோயில்லை. ஆயுள் முழுக்க மாதாமாதம் கவனிக்க வேண்டியவை. கவனிப்பு அறுந்த இடத்தில்தான் வார்டு தொடங்குகிறது: அழுகிய கால்விரல், முடங்கிய கைகால், வாரத்துக்கு இரண்டு மூன்று டயாலிசிஸ். அந்த நிலைக்கு வந்தவரைக் காப்பாற்ற நல்ல வார்டு கட்டாயம் வேண்டும். ஆனால் வார்டு நிரம்புவதை மருத்துவமனையின் வளர்ச்சி என்று கணக்கெழுதுவது, ஓ.பி.யில் விட்ட பிழையை வரவில் வைப்பதற்குச் சமம்.

கவனிப்பு அறாமல் தொடர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வெளியே தேட வேண்டாம். மட்டாஞ்சேரியில் இருப்பது பெண்கள், குழந்தைகள் மருத்துவமனை; அங்கே பிரசவம் ஒருநாள் நிகழ்வு, கர்ப்பகாலக் கவனிப்பு பல மாத வேலை. ரத்தசோகை, கர்ப்பகால பிரஷர், சுகர், குழந்தையின் வளர்ச்சி எல்லாம் பிடிபடுவது ஓ.பி.யில். 2018–20 காலத்தில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குக் கேரளத்தின் தாய் இறப்பு 19. இந்தியாவின் சராசரி 97. அவசர அறுவையும் ரத்த வங்கியும் பிரசவ மருத்துவர்கள் ஒவ்வொரு தாய் மரணத்தையும் ஆராய்ந்து பாடம் கற்றதும் இதற்குக் காரணம் என்பது உண்மை. ஆயினும், எந்தப் பெண்ணுக்கு ஆபத்து என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் அந்த ஏற்பாடுகள் நேரத்துக்குப் பயன்படும். கர்ப்பிணி குறித்த நாளில் வரவில்லை என்றால் வீட்டுக்கே ஆள் போய்க் கேட்கும் வழக்கத்தை நாம் ஏற்படுத்தினோம். அறுபது வயது சுகர் நோயாளி ஆறு மாதம் காணாமல் போனால் கேட்பாரில்லை. இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை உண்டாக்கியது மருத்துவ அறிவியல் அன்று, நிர்வாகத்தின் தேர்வுதான்.

காசு கரையும் இடம்

இதற்கு வரும் முதல் மறுப்பு பணத்தைப் பற்றியது. குடும்பத்தைக் கவிழ்ப்பது பெரிய அறுவைச் செலவுதான், இருக்கும் நிதியை அதற்கே ஒதுக்க வேண்டும், நூறு இருநூறு ரூபாய் ஓ.பி. செலவை மக்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது வாதம். 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் இந்த எண்ணத்தில்தான் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் செலவுக்குக் காப்பு தருகிறது. கேரளத்தின் காருண்ய ஆரோக்கியக் காப்பீடும் அதனோடு இணைந்தது. இரண்டும் ஓ.பி. வாசலில் நின்றுவிடுகின்றன. வீடு இடிந்தால் கட்டித் தருகிறேன், ஓடு உடைந்து ஒழுகினால் மாற்றித் தர மாட்டேன் என்பது போன்ற காப்பு இது.

கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. பீட்டர் பெர்மன், ராஜீவ் அகுஜா, லவீஷ் பண்டாரி ஆகியோர் 2004-ஆம் ஆண்டின் தேசியப் புள்ளிவிவரங்களை வைத்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவச் செலவால் வறுமைக்கோட்டுக்குக் கீழே போன குடும்பங்கள் 6.2 விழுக்காடு. அதில் உள்நோயாளிச் செலவு தள்ளியவை 1.3 விழுக்காடு, புறநோயாளிச் செலவு தள்ளியவை 4.9 விழுக்காடு. அறுவைக்கு ஆகும் பெருந்தொகை சிலருக்கு எப்போதோ ஒருமுறை வரும்; மாத்திரைச் செலவு பலருக்கு மாதந்தவறாமல் வரும். அந்தப் புள்ளிவிவரங்கள் பழையவை என்று சொல்லலாம். ஆனால் அதற்குப் பிறகு நீண்டகால நோய்கள் பெருகினவே தவிரக் குறையவில்லை; மாதச் செலவின் தன்மையும் மாறவில்லை. காப்பீடு படுக்கைக்கு மட்டும் பணம் தரும்போது இன்னொரு கோணலும் நுழைகிறது. ஓ.பி.யிலேயே முடித்துவிடக்கூடிய பரிசோதனைக்காக நோயாளியை அட்மிட் செய்யும் தூண்டுதல் நோயாளிக்கும் மருத்துவமனைக்கும் சேர்ந்தே வருகிறது.

ஓ.பி. செலவையும் ஏற்றால் கஜானா தாங்காது என்பார்கள். தாய்லாந்து 2001-இல் தொடங்கிய 30 பாட் திட்டம் ஓ.பி.யையும் சேர்த்தே கொண்டது. ஒவ்வொரு வருகைக்கும் பில் போட விடாமல், பதிவு செய்த மக்களின் தலைக்கு இவ்வளவு என்று ஓ.பி. பணத்தை முன்கூட்டியே கொடுத்தது. அதனால் செலவு கட்டுக்குள் இருந்தது. மருத்துவச் செலவால் நொடிந்த குடும்பங்கள் குறைந்தன. நம் நாட்டிலும் இது தெரியாத செய்தியில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான இ.எஸ்.ஐ., ஆலைத் தொழிலாளிக்கு மருந்தகம் வைத்துத் தருகிறது. மத்திய அரசு ஊழியர்களின் சுகாதாரத் திட்டமும் ஓ.பி. மருந்து தருகிறது. சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவருக்குத் தேவை என்று அரசே ஒப்புக்கொண்டது, மட்டாஞ்சேரியின் சுமைக் கூலிக்கு மட்டும் எப்படித் தேவையற்றதாகும்? பிரிட்டிஷ் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் ‘தலைகீழ்க் கவனிப்பு விதி’ என்று பெயரிட்டது இதைத்தான்: நல்ல மருத்துவம் அதிகம் தேவைப்படுகிறவருக்கே அது குறைவாகக் கிடைக்கிறது. வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமம் ஒன்றில் அவர் எல்லாப் பெரியவர்களின் பிரஷரையும் அளந்து, பதிவேடு வைத்து, வராதவரைத் தேடிப் போய்க் கால் நூற்றாண்டு கவனித்தார். அருகிலிருந்த அதே போன்ற ஊரைவிட அங்கே அகால மரணங்கள் கணிசமாகக் குறைந்திருந்தன.

இரண்டு நிமிடம்

அடுத்த மறுப்பு கூட்டத்தைப் பற்றியது. இலவசம் என்பதால் சளி, தலைவலி என்று சில்லறை நோய்களோடு எல்லோரும் வந்து குவிகிறார்கள், உண்மையான நோயாளிக்கு நேரம் கிடைப்பதில்லை என்பது மருத்துவர்கள் பலரின் ஆதங்கம். நேரப் பஞ்சம் உண்மை. 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வில், ஒரு நோயாளியோடு முதல்நிலை மருத்துவர் செலவிடும் நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 வினாடி, இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம். இரண்டு நிமிடத்தில் மாத்திரையின் பெயர் எழுதலாம். ஏன் போன மாதம் மாத்திரையை நிறுத்தினீர்கள் என்று கேட்டுப் பதில் வாங்க முடியாது. சுகர், பிரஷர் சிகிச்சை வெற்றிபெறுவதும் தோற்பதும் அந்தப் பதிலில்தான்.

ஆனால் சில்லறை நோய் எது என்பதைப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். ஓடையும் காயலும் சூழ்ந்த கொச்சியில் மழைக்காலக் காய்ச்சல் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், டெங்குவாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று நாள் இவை சாதாரணக் காய்ச்சலைப் போலவே இருக்கும். எலிக்காய்ச்சலை அப்போதே சந்தேகித்து மருந்து தொடங்கினால் பெரும்பாலும் வீட்டிலேயே குணமாகும். சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்பட்ட பிறகு வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டியிருக்கும். கேரள சுகாதாரத் துறை மழைக்காலத்தில் நாள்தோறும் வெளியிடும் காய்ச்சல் ஓ.பி. எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது? ‘சில்லறை நோயோடு’ வந்தவர்களின் சீட்டுகளிலிருந்துதான். கூட்டத்தை விரட்டினால் தொற்று பரவுவதை முதலில் காட்டும் கண்ணையும் மூடிக்கொள்கிறோம். கூட்டத்தைப் பிரித்து அனுப்பும் ஏற்பாடு இல்லாததுதான் குறை. காய்ச்சலுக்கும், மாத மாத்திரைக்கும், புதிதாக வந்த மார்வலிக்கும் ஒரே வரிசை, ஒரே மருத்துவர் என்றால் யாருக்கும் நீதி கிடைக்காது.

மாலையில் யார் பார்ப்பது?

கேரளம் இதை ஓரளவு உணர்ந்தது. 2017-இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார நிலையங்களாக மாற்றியது. மதியத்தோடு முடிந்த ஓ.பி. மாலை 6 மணிவரை நீண்டது. மூச்சிரைப்புக்கு ‘ஸ்வாஸ்’, மனச்சோர்வுக்கு ‘ஆஸ்வாசம்’ என்று தனி கிளினிக்குகள் வந்தன. தேசிய மாதிரி ஆய்வின்படி கேரளத்தில் ஓ.பி. சிகிச்சையில் அரசு நிலையங்களின் பங்கு 2014-இல் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருந்தது; 2017–18-இல் ஏறத்தாழப் பாதியானது. மலையாளிகள் தனியார் மருத்துவமனையையே நம்புகிறார்கள், அரசு ஓ.பி.யைச் சீர்செய்து பயனில்லை என்பவர்களுக்கு இது பதில். நேரமும் மருந்தும் இருந்தால் மக்கள் வருகிறார்கள். மருத்துவமனை ஓ.பி.க்கள் மட்டும் பெரும்பாலும் காலைப் பொழுதோடு நின்றுவிடுகின்றன. வேலை முடித்து வருகிற கூலிக்காரர் கேஷுவாலிட்டிக்குப் போகிறார். விபத்தில் சிக்கியவருக்கான மருத்துவர் அங்கே இருமலுக்குச் சீட்டு எழுதுகிறார்.

மாலைக்கும் மருத்துவரை எங்கே தேடுவது என்ற கேள்வி நியாயமானது. விடை, எல்லா வேலையையும் மருத்துவர் தலையில் கட்டாமல் இருப்பதில் இருக்கிறது. பிரஷர் கட்டுக்குள் இருப்பவருக்கு மாதாமாதம் மருத்துவர் முகம் தேவையில்லை. செவிலியர் அளந்து பார்த்து, மாத்திரை கொடுத்து, ஏறியிருந்தால் மட்டும் மருத்துவரிடம் அனுப்பலாம். இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி 2017-இல் தொடங்கியபோது கேரளமும் முதல் மாநிலங்களில் ஒன்று. ஒரே சீரான மருந்து முறை, தடையற்ற மாத்திரை, குழுவாக வேலை, திரும்பி வருபவரின் பதிவு ஆகியவையே அதன் அடிப்படை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு போனது. அத்திட்டத்தின் பயனாளி எண்ணிக்கையைப் பற்றி வாதங்கள் இருக்கலாம், ஓ.பி. வரிசையில் கால் கடுக்க நிற்கும் முதியவரை விடுவிக்க முடியும் என்பதில் வாதமில்லை. வீட்டுக்குப் போகும் மாத்திரையால் மருத்துவரைப் பார்ப்பதே அறுந்துபோகும் அபாயம் உண்டு என்பதால், ஆண்டுக்குச் சில முறையாவது கண், கால், சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஓ.பி.யில் நாள் குறித்துத் தர வேண்டும்.

அப்படியென்றால் குடும்ப சுகாதார நிலையங்களை மட்டும் வளர்த்தால் போதாதா, மருத்துவமனைக்கு ஓ.பி. எதற்கு? இதுவே மறுப்புகளில் கூர்மையானது. கீழ்நிலையில் சுகரைக் கண்டுபிடிப்பவருக்கு, விழித்திரையைப் பார்க்கவும் ஆறாத புண்ணைப் பார்க்கவும் ஒரு நிபுணர் வேண்டும். அவர் இருக்குமிடம் தாலுகா மருத்துவமனை. காயலைத் தாண்டி எர்ணாகுளம் வரை ஒருநாளைச் செலவழிக்க முடியாதவருக்கு அதுவே கடைசி மருத்துவர். ஆனால் நிபுணர் பார்த்துவிட்டு, இனி இந்த மருந்து, இத்தனை மாதம், இன்னின்ன அறிகுறி வந்தால் திரும்ப அனுப்புங்கள் என்று கீழே எழுதி அனுப்ப வேண்டும். மேலே அனுப்பும் சீட்டு நம்மிடம் இருக்கிறது. கீழே திருப்பும் சீட்டு பழக்கத்தில் இல்லை. அதனால் ஒருமுறை பெரிய ஓ.பி.க்கு வந்தவர் வாழ்நாள் முழுக்க அதே வரிசையில் நிற்கிறார். கேரளத்தின் இ-ஹெல்த் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் தருகிறது. வீட்டிலிருந்தே டோக்கன் எடுக்கவும் அது உதவுகிறது. அதன் பெரும்பயன் வேறிடத்தில்: கருவேலிப்படியில் எழுதியதைச் சுகாதார நிலையத்தில் படிக்கலாம், யார் மூன்று மாதமாக வரவில்லை என்று பட்டியல் எடுக்கலாம்.

எதை எண்ணுவது?

இவை அனைத்துக்கும் புதிய கட்டிடம் தேவையில்லை. எண்ணும் முறை மாறினால் போதும். இன்று ஒரு மருத்துவமனை ‘ஆண்டுக்கு இத்தனை லட்சம் ஓ.பி.’ என்று பெருமையாகச் சொல்கிறது. அதே நோயாளி மாத்திரை போதாமல் நான்கு முறை அலைந்தாலும் அந்த எண் உயரும். ஒரே முறையில் மூன்று மாத மாத்திரை கொடுத்து அனுப்பினால் எண் இறங்கும். நல்ல வேலை செய்தவர் கணக்கில் தோற்கிறார். இதற்குப் பதிலாக மூன்று எண்களை ஒவ்வொரு மருத்துவமனையும் மாதந்தோறும் வாசலில் ஒட்டலாம்: பதிவான சுகர், பிரஷர் நோயாளிகளில் குறித்த நாளில் திரும்பி வந்தவர் எத்தனை விழுக்காடு, அவர்களில் கட்டுக்குள் இருப்பவர் எத்தனை, எழுதிய மருந்துகளில் எத்தனை அங்கேயே கிடைத்தன. எண்ணை நல்லதாகக் காட்டச் சிக்கலான நோயாளிகளைப் பதிவிலிருந்தே விட்டுவிடும் ஆசை வரும் என்பது உண்மை. பதிவு செய்தவர் எண்ணிக்கையை அந்தப் பகுதியின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அந்தத் தந்திரம் வெளிப்பட்டுவிடும்.

காப்பீட்டுப் பணமும் இந்த எண்களைப் பின்தொடர வேண்டும். படுக்கைக்குத் தரும் தொகையில் ஒரு பங்கை, தன் பகுதி மக்களை வார்டுக்கு வரவிடாமல் காத்த ஓ.பி.க்குத் தலைக்கணக்கில் தருவது கேரளத்தால் முடியாத காரியமில்லை. வட்டாரம் சிறியது, பதிவேடு கணினியில் இருக்கிறது, ஊழியர்கள் பழகியவர்கள். பழைய கொச்சியின் மூன்று மருத்துவமனைகளிலும் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நிதியாண்டு போதும். எர்ணாகுளத்தின் அறுவை அரங்கு எட்டிய உயரத்தை மட்டாஞ்சேரியின் ஓ.பி.யும் எட்ட வேண்டுமானால் அதற்கு மாற்றுச் சிறுநீரகம் தேடுவோர் பட்டியல் நீளாமல் இருக்க வேண்டும், அந்தப் பட்டியல் ஏன் நீளவில்லை என்று கேட்டு எழுதப் பத்திரிகைகளும் பழக வேண்டும்.